நஸீமா ராத்தாவின் அரலியா

கந்தப்பளைக் கடைத்தெருவில் எங்கள் தையல் கடையைத் திறந்துகொண்டிருந்தபோது ஃபரீத் நானாவின் அழைப்பு வந்தது. "ராத்தா மௌத்தாகிட்டாங்க ஜெயா" என்றார். இறந்த செய்தியைச் சொன்னதும் அழைப்பை வைத்துவிட்டார். எனக்கு அண்ணன் போன்ற நானாவின் மனைவிதான் நஸீமா ராத்தா; அக்காவைப் போல என்னோடு சேர்ந்து அந்தக் கடையை நடத்தியவர். திறந்த கதவை மூடிவிட்டு ராத்தாவின் ஜனாஸா கிடந்த வீட்டுக்குப் போனேன்.

ராத்தாவிடம் துணி தைத்த எல்லோருக்கும் அவருடைய மரத்தைத் தெரியும். புத்தளத்திலிருந்து கல்யாணமாகி வந்தபோது தாய்வீட்டு அரலியா என்ற ஈழத்தலரி மரத்தில் ஒரு கிளையைக் கொண்டுவந்தார். வெயில் ஊர் மரம் எங்கள் மலைநாட்டுப் பனியில் வெளியே நிற்காது என்பதால், கடைக்குள் ஜன்னலோரம் தொட்டியில் வளர்த்தார். மார்கழியில் இலையெல்லாம் கொட்டி வெறும் கொம்பாகிவிடும். முதல் வருடம் அது செத்தேபோனது என்று நினைத்தேன். ராத்தா நகத்தால் பட்டையைச் சுரண்டி உள்ளிருந்த பச்சையைக் காட்டினார். "தூங்குது. எழும்புற வரைக்கும் தண்ணி ஊத்த வாணாம்" என்றார்.

பிறகு அவருக்கு நோய் வந்தது. கண்டி ஆஸ்பத்திரியில் அவர் கிடந்த குளிர்காலம் முழுக்க நானா கடைக்கு வந்து, ராத்தாவின் நினைவில் மரத்துக்குத் தண்ணீர் ஊற்றினார். நான் தடுத்தும் கேட்கவில்லை. அடி அழுகிப்போனது. ராத்தா திரும்பி வந்த அன்று நானா கடைக்குள் வராமல் வாசலிலேயே நின்றார்.

ராத்தா கோபப்படவில்லை. தண்டைக் கீழிருந்து மேலாக விரலால் அழுத்திக்கொண்டே போனார். உறுதி தொடங்கிய இடத்துக்குச் சற்று மேலே வெட்டி, நுனியை நூல்கண்டுகளுக்குப் பக்கத்தில் காய வைத்தார். வெட்டுவாய் நன்றாகக் காய்ந்ததும் மணலில் நட்டார். "பாசத்துலதானே ஊத்துனீங்க" என்று மட்டும் நானாவிடம் சொன்னார்.

அது துளிர்த்தது. அடுத்த வருடத்துக்கு அடுத்த வருடம் பூத்தது. முதல் பூவை ராத்தா நானாவின் கையில் கொடுத்து, "இதுக்கும் தண்ணி ஊத்திறாதீங்க" என்றார். மூவரும் சிரித்தோம். அந்தப் பூவைப் பார்க்க ராத்தா இருந்தார் என்பது எனக்குப் பெரிய ஆறுதல்.

அழுத்திப் பார்த்த அந்த விரல்கள்தான் என்னிடம் தங்கியிருக்கின்றன. எது கெட்டுப்போனாலும், எங்கே இன்னும் உறுதியாக இருக்கிறது என்றுதான் முதலில் தேடுகிறேன். ராத்தா போனதிலிருந்து வீட்டில் அடைந்து கிடந்த நானாவைப் போன வாரம் கடைக்குக் கூப்பிட்டேன். இப்போது ராத்தாவின் மிஷினில் உட்கார்ந்து தலையணை உறைக்கு ஓரம் அடிக்கிறார். தையல் கோணலாகத்தான் போகிறது. பிரித்துக் கொடுக்கிறேன்; மறுபடி அடிக்கிறார்.