கழற்றி வைத்த மணி

கைக்குழந்தையின் தூக்கம் முக்கியமா, டெலிபோன் மணி முக்கியமா? இன்றும் எனக்கு விடை தெரியவில்லை.

இராஜபாளையத்தில் எங்கள் வீட்டு ஹாலில் ஒரு போன் இருந்தது. அதே லைனில் சமையலறைக்கும் மாடியறைக்கும் இன்னும் இரண்டு மாட்ட ஒரு லைன்மேன் வந்தார். ஒல்லியான மனிதர். எதைத் தொடும் முன்னும் ரிசீவரைக் காதில் வைத்து, கண்ணை மூடிக் கேட்பார்.

முந்தின நாள் என் மகளுக்கு வலிப்பு வந்திருந்தது. சத்தமில்லாமல் தூங்க விடச் சொன்ன ஸ்ரீவில்லிபுத்தூர் டாக்டர், பரிசோதனை முடிவை அன்று மதியம் போனில் சொல்வதாக இருந்தார்.

மாட்டி மணி அடித்துப் பார்த்ததும் மூன்று போனும் முனகத்தான் செய்தன. "லைன்ல அம்புட்டு கரண்டு இல்லம்மா. ஒரு மணிதான் நல்லா அடிக்கும். எங்க வேணும்?"

நான் மாடியில் குழந்தையோடு இருந்தேன். கீழே அடித்தால், அங்கே இருக்கும் காது மந்தமான என் மாமியாருக்குக் கேட்காது. மாடியில் அடித்தால் குழந்தை திடுக்கிடும்.

"நீங்களே சொல்லுங்கண்ணே."

"நான் சொன்னா நாளைக்கு என்னையத் திட்டுவீக. நீங்க சொன்னா உங்களையே திட்டிக்கிடுவீக. எது தேவல?"

"மாடியில கழட்டிருங்க" என்றேன்.

மாடியிலும் சமையலறையிலும் மணியைக் கழற்றினார். ஆனால் கிளம்பவில்லை, ஹால் போன் பக்கத்தில் உட்கார்ந்தார். "டாக்டர் பேசுற வரைக்கும் இருக்கேன். நீங்க பிள்ளகிட்ட போங்க."

ஒரு மணி நேரம் கழித்துப் படியேறி வந்து, மாடி ரிசீவரை எடுக்கச் சொல்லிக் கையால் சைகை காட்டினார். காய்ச்சலால் வந்த வலிப்புதான், பயமில்லை என்றார் டாக்டர். நான் இறங்குவதற்குள் லைன்மேனின் சைக்கிள் தெரு திரும்பிவிட்டது.

ஏன் காத்திருந்தாரோ! மகள் இப்போது நன்றாகத் தூங்குகிறாள். மாடி மணி இன்னும் கழற்றியபடியே இருக்கிறது. திரும்ப மாட்டலாமா? பிள்ளை வளர்த்தவர்கள் சொல்லுங்கள்.