அந்தோணியாரிடம் கேட்கச் சொன்னவர்

கொண்டப்பநாயக்கன்பட்டியில் எங்கள் மாடியில் அவர் தனியாகக் குடியிருந்தார். வெளிநாட்டுக் கம்பெனி வேலையை வீட்டிலிருந்தே பார்ப்பார். கம்ப்யூட்டர் முன்னால் உட்காரும்போது மேலே இஸ்திரி போட்ட சட்டையும் டையும், கீழே கட்டம் போட்ட லுங்கியும்தான். நான் கூச்சத்தில் அவர் முகத்தை மட்டும் பார்த்துப் பேசுவேன்.

ஒருநாள் பணியாரம் கொண்டுபோனேன். திரையில் தெரிந்த ஒரு வெளிநாட்டுப் பெண்ணுக்கு ஏதோ பாடம் நடத்திக்கொண்டிருந்தார்.

“டியூசனுங்களா?” என்றேன்.

“என் வேலையத்தானுங்கம்மா சொல்லித் தாரேன். என்னவிடக் கொறஞ்ச சம்பளத்துக்கு வருதாம். அடுத்த மாசம் அதுக்கு வேலை, நான் ஊட்டுக்கு.”

“அப்பத் தப்பாச் சொல்லிக் குடுங்க சாமி.”

சொல்லிவிட்டு எனக்கே வெட்கமாகப் போயிற்று. அவர் சிரித்தார்.

“அது பரீட்சையில தேறுனாத்தான் எனக்குக் கடைசிச் சம்பளங்க. எனக்குச் சொல்லிக் குடுத்த வெள்ளக்காரரும் இப்படித்தான் தவிச்சாரு.”

“அவரு இப்ப எங்கீங்க?”

“அவரு வேலையத்தானுங்க நான் பாக்கறேன். அம்மா, செவ்வாக்கெழம அந்தோணியார் கோயிலுக்குப் போவீங்கள்ல? இந்தப் புள்ள பாஸாகோணும்னு ஒரு மெழுகுத்திரி ஏத்துங்க.”

தொலைந்ததைத் தேடித் தருகிற புனிதர் அந்தோணியார். சாவி, கொலுசு, ஒருமுறை ஆட்டுக்குட்டிகூட அவரிடம் கேட்டு வாங்கியிருக்கிறேன். ஒருவர் வேலை நல்லபடியாகத் தொலையட்டும் என்று எப்படிக் கேட்பது? வாய் வரவில்லை. திரியை மட்டும் ஏற்றிவிட்டு வந்தேன்.

அந்த வாரமே அவர் டையோடும் லுங்கியோடும் இறங்கி வந்து மைசூர்பாகு டப்பாவை நீட்டினார். “தேறிருச்சுங்கம்மா!” முகமெல்லாம் சிரிப்பு.

மாடி இப்போது காலி. அவருக்கு வேலை கிடைக்கட்டும் என்று ஒரு திரி ஏற்றலாம். ஆனால் எந்த முகத்தோடு அந்தோணியார் முன்னால் போய் நிற்பது?