வாணி விழாவில் மாமாவின் மோட்டார் சைக்கிள்

மாமாவின் மோட்டார் சைக்கிளில் மொத்தம் எத்தனை விளக்குகள் என்று கேட்டால், அவரே ஒருமுறை எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வார். மாதத்துக்கு மாதம் கணக்கு மாறிக்கொண்டிருந்தது. வாங்கும்போது இருந்த மஞ்சள் பல்பைக் கழற்றிவிட்டு முகப்பில் வெள்ளை எல்.ஈ.டி. போட்டிருந்தார். எஞ்சினுக்கு முன்னால் இருக்கும் காப்புக் கம்பியில் இரண்டு பக்கமும் மஞ்சள் விளக்குகள். மழைக்கும் புழுதிக்கும் மஞ்சள்தான் சரி என்பது அவர் கட்சி. ஹாண்டிலுக்குக் கீழே குறுக்காக ஒரு வெள்ளை விளக்குப் பட்டை. ஒவ்வொன்றுக்கும் தனித்தனிச் சுவிட்ச், தனி வயர், இத்தனைக்கும் தாக்குப்பிடிக்கப் பெரிய பேட்டரி. பாப்பாமோட்டைச் சந்தியில் நிற்பவர்கள் தூரத்தில் அவரைக் கண்டதும் "கலியாண வீடு வருது" என்பார்கள். மாமா அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டார்.

நானும் அப்படித்தான் எடுத்துக்கொண்டேன். எனக்கு அப்போது பெருமைப்பட வேறு ஒன்றும் கையில் இல்லை. தமிழ்நாட்டு அகதி முகாமில் பிறந்து, அங்கேயே நாலாம் வகுப்புவரை படித்துவிட்டு அம்மாவோடு இலங்கைக்கு வந்தவள் நான். "ஊருக்குத் திரும்பிட்டம்" என்று அம்மா எல்லோரிடமும் சொன்னாள். அவள் திரும்பினாள், சரி. நான் எங்கே திரும்பினேன்? முதல் தடவையாக அல்லவா வந்திருந்தேன்! பள்ளிக்கூடத்தில் நான் வாயைத் திறந்தால் வகுப்பு முழுவதும் காது கொடுத்துக் கேட்டது, சிரிப்பதற்காக. 'ஓம்' சொல்ல வேண்டிய இடத்தில் 'ஆமா' என்றேன். கதிரையை நாற்காலி என்றேன். படத்தில் பேசுவதுபோலப் பேசுகிறாள் என்று பக்கத்து வகுப்புப் பிள்ளைகளும் வந்து என்னைப் பேச வைத்துக் கேட்டுவிட்டுப் போனார்கள். அந்த மோட்டார் சைக்கிளின் பின்னால் நான் போகும்போது மட்டும் அவர்கள் சிரிப்பதை மறந்து பார்த்தார்கள்.

மாமா அம்மாவின் தம்பி. மற்றவர்கள் இந்தியாவுக்குப் படகேறியபோது மாட்டேன் என்று இங்கேயே இருந்துவிட்டவர். எத்தனையோ இடம் பெயர்ந்து, சண்டை எல்லாம் முடிந்ததும் வந்து, பற்றை மூடிக் கிடந்த வயலைத் துப்புரவாக்கி மறுபடி விதைத்தவர். வயலுக்குத் தண்ணீர் மாற்றிவிட்டு வீடு வர இருட்டிவிடும். கறுத்த றோட்டில் கறுத்த எருமை படுத்திருந்தால் எப்படித் தெரியும் என்று கேட்பார். மன்னார்த் தீவுக்குப் போனால் கழுதைகள், அவை ஹோர்ன் அடித்தாலும் அசையாது என்பார். விளக்கு வாங்கும்போதெல்லாம் எருமையும் கழுதையும் சாட்சிக்கு வந்தன.

"தம்பி, உனக்கென்ன விசரோ? எருமைக்குப் பயந்து ஒரு ஸ்டேடியமே கட்டிப் போடுவாய் போல" என்று அம்மா ஏசுவாள்.

புதிதாக ஒரு விளக்கு ஏறினால் அன்று பொழுதுபட எங்கள் வீட்டுச் சுவரில்தான் பரீட்சை. மாமா வாசலில் மோட்டார் சைக்கிளில் ஏறி உட்கார்ந்துகொள்வார். ஆள் இருந்தால்தான் பின்பக்கம் பதிந்து, வெளிச்சம் உண்மையில் எங்கே விழும் என்று தெரியுமாம். நான் சுவரில் வெளிச்சம் விழும் இடத்தில் கரியால் கோடு கிழிப்பேன். "எதிரில வாறவன்ர கண்ணில அடிக்கக்கூடாது பிள்ளை, றோட்டில விழோணும்" என்று திருகாணியை முடுக்கி, இன்னும் கொஞ்சம் கீழே இறக்குவார். சுவர் முழுவதும் என் கரிக்கோடுகள். அம்மா அதற்கும் ஏசினாள்.

அந்த வருடம் நவராத்திரிக்குப் பள்ளிக்கூடத்தில் நடந்த வாணி விழாவில் என்னைச் சரஸ்வதியாக்கினார்கள். அழகு, பக்தி என்றெல்லாம் காரணம் இல்லை. சரஸ்வதிக்கு வசனம் கிடையாது, அவ்வளவுதான். ஆசிரியை அதை ஒளிக்காமல் சொன்னார். வெள்ளைச் சேலை கட்டி, இந்தியாவில் தெர்மோகோல் என்போமே, அந்த ரெஜிபோமில் வெட்டிய தாமரையில் உட்கார்ந்து, மட்டை வீணையை மடியில் வைத்துக்கொண்டு சும்மா இருந்தால் போதும். சுற்றிவர மற்றப் பிள்ளைகள் ஆடுவார்கள். எனக்குச் சந்தோஷம்தான். ஒருவரும் சிரிக்காமல் ஊர் முழுவதும் என்னைப் பார்க்கப்போகிறதே!

பள்ளிக்கூட முற்றத்து மேடையில் பொழுதுபட்டதும் விழா தொடங்கியது. பிரதம விருந்தினர் பக்கத்து இராணுவ முகாமின் அதிகாரி. அந்த வருடங்களில் எந்த விழாவுக்கும் அப்படித்தான் அழைத்தார்கள். அவர் வரத் தாமதம் என்றதால் எங்களை ஆட விட்டார்கள். முதல் பாட்டு முடிவதற்குள் கறண்ட் போய்விட்டது. பிள்ளைகள் கூக்குரலிட்டார்கள். அதிபர் இருட்டுக்குள் நின்று "அமைதி, அமைதி" என்று கத்தினார். மெழுகுதிரி கொளுத்தலாம் என்று ஒருவர் சொல்ல, ரெஜிபோம் பற்றிக்கொள்ளும் என்று ஆசிரியை பதறினார். விழாவை நிறுத்திவிடுவார்கள் என்று எனக்குப் பயம் வந்துவிட்டது. என்னை மறந்து தாமரையில் எழுந்து நின்றேன்.

"சார், எங்க மாமா வண்டில நிறைய லைட் இருக்கு சார்!"

சரஸ்வதி வாயைத் திறந்துவிட்டாள், அதுவும் இந்தியத் தமிழில். இருட்டுக்குள் ஒரே சிரிப்பு. ஆனால் அதிபர் சிரிக்கவில்லை. "தம்பி, சைக்கிளை ஒருக்கா முன்னுக்குக் கொண்டு வாருங்கோ" என்று மாமாவைக் கூப்பிட்டார்.

மாமா சனத்துக்கு நடுவே மெல்ல உருட்டிக்கொண்டு வந்து, மேடைக்கு நேரே நிறுத்தி, ஏறி உட்கார்ந்து எஞ்சினை உதைத்தார். முகப்பு எரிந்தது. பிறகு மஞ்சள் இரண்டும். கடைசியாக அந்த வெள்ளைப் பட்டை. மேடை பட்டப்பகலாகிவிட்டது. சனம் ஆவென்று சத்தம் போட்டது. பேட்டரி இறங்கிவிடாமல் வலது கைப் பிடியை மெல்ல முறுக்கிக்கொண்டே, "பிள்ளை, கண்ணில அடிக்குதோ?" என்று கேட்டார். நான் தெய்வத்துக்குரிய மரியாதையோடு, இல்லையென்று தலையை மட்டும் ஆட்டினேன். என் பக்கத்தில் நின்றவள் எங்கள் வகுப்புத் தலைவி, என்னை அதிகம் பேச வைத்துச் சிரித்தவள். "உங்கட மாமாவோ?" என்று ஆசையாகக் கேட்டாள். "ஓம்" என்றேன். சரியாகத்தான் சொன்னேன்.

நடனம் பாதியில் இருக்கும்போது அதிகாரி வந்தார். மேடைக்குப் பக்கத்து வாசலால் முதலில் இரண்டு சிப்பாய்கள் வந்தார்கள். முன்னால் வந்தவன் வழி பார்க்க ரோச் லைட்டை இப்படியும் அப்படியும் ஆட்டினான். அந்த வெளிச்சம் ஒருமுறை மாமாவின் முகத்தில் பட்டது.

எல்லா விளக்கும் அணைந்தது. எஞ்சினும் நின்றது.

ஒன்றும் தெரியாத இருட்டில் அந்த ரோச் மட்டும் திரும்பி வந்து மாமாவில் நின்றது. அவர் இறங்கி, மோட்டார் சைக்கிளுக்குப் பக்கத்தில் விறைத்து நின்றார். ஒரு கையால் அதைப் பிடித்திருந்தார். மற்றக் கையில் அடையாள அட்டை. சட்டைப் பையிலிருந்து அதை எப்போது எடுத்தார் என்று தெரியவில்லை. நேரே நீட்டிக்கொண்டிருந்தார். ஒருவரும் கேட்கவில்லை.

சிப்பாய் மீசைகூடச் சரியாக முளைக்காத பையன். அவனுக்கும் ஒன்றும் விளங்கவில்லை. "ஐயா, லைட் போடுங்க... லைட்" என்று கொச்சைத் தமிழில் கெஞ்சுவதுபோலச் சொன்னான். மாமா அவசரமாகச் சுவிட்சைத் தேடினார். கை ஹோர்னில் பட்டு, பாம் என்று அலறியது. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள்.

என் மானம் கப்பலேறியது. பெரியவர்கள் ஒருவரும் சிரிக்கவில்லை என்பதையும் கவனித்தேன். முன்வரிசையில் அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். ரோச் வெளிச்சம் ஆண்கள் பக்கம் போனபோது, ஒருவர் பின் ஒருவராகத் தங்கள் சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்கள். நெரிசலில் காசு பத்திரமா என்று பார்க்கிறார்கள் என்று எண்ணினேன். அம்மாவுக்கு என்னைப்போலவே வெட்கம் என்றும் எண்ணினேன்.

மாமாவின் விளக்கு வெளிச்சம் மறுபடி வந்தது, நேரே என் முகத்தில். "உங்கட மாமாவுக்கு ஆமியைக் கண்டாப் பயமோ?" என்று வகுப்புத் தலைவி கேட்டாள். சரஸ்வதிக்கு வசனம் இல்லை என்பது அப்போது பெரிய உதவியாக இருந்தது.

வீட்டுக்கு மாமாவோடுதான் போக வேண்டியிருந்தது. முகப்பு விளக்கை மட்டும் போட்டுக்கொண்டு ஓட்டினார்.

"ஏன் மாமா எல்லாத்தையும் ஆஃப் பண்ணீங்க?"

"கை பட்டிட்டுது பிள்ளை."

அத்தனைக்கும் தனித்தனிச் சுவிட்ச் என்று எனக்குத் தெரியாதா? பயந்ததும் போதாதென்று பொய் வேறு சொல்கிறாரே என்று ஆத்திரம் வந்தது. மறுநாள் பள்ளிக்கூடத்தில், நான் வகுப்புக்குள் நுழைந்ததும் பையன்கள் வரிசையாக எழுந்து, ஆளுக்கொரு மட்டைத் துண்டை நீட்டிக்கொண்டு விறைத்து நின்றார்கள். என் தமிழைக் கேட்டுச் சிரித்தபோதெல்லாம் நான் அழுததில்லை. அன்று அழுதேன்.

மிச்சத்தை வெகுகாலம் கழித்து அம்மா சொன்னாள். நாங்கள் இங்கே இல்லாத வருடங்களில் இருட்டில் சென்றியை, அதாவது சோதனைச் சாவடியை, நெருங்கினால் தூரத்திலேயே விளக்கை அணைத்துவிட வேண்டும். இறங்கி, அட்டையை நீட்டிக்கொண்டு உருட்டிப் போக வேண்டும். அணைக்க மறந்தால் துப்பாக்கிச் சூடு. அப்படி மறந்துபோன ஒரு சிநேகிதனின் பின்னால் மாமா ஒருநாள் உட்கார்ந்து போயிருக்கிறார். மாமா மட்டும் வீடு வந்தார். அதற்குமேல் அம்மாவும் அவரிடம் கேட்கவில்லை.

அன்று அழுதுவிட்டு வந்தவளுக்கு இது ஒன்றும் தெரியாது. இனியாவது அந்த விளக்குகளைக் கழற்றி எறிந்துவிடுவார் என்று நம்பிக்கொண்டு வாசலில் நின்றேன். வயலிலிருந்து வீட்டுக்கு வர மாமா இராணுவ முகாமின் வாசலைத்தான் கடக்க வேண்டும். பொழுதுபட்டு இருட்டியதும் தூரத்தில், முகாமுக்கு அந்தப் பக்கம், அவர் தெரிந்தார். முகப்பு, மஞ்சள் இரண்டு, வெள்ளைப் பட்டை, ஒன்று பாக்கியில்லை. முகாம் வாசலில் கொஞ்சம் மெதுவானார். ஒன்றும் அணையவில்லை. அப்படியே வந்தார். இவ்வளவு நடந்த பிறகும் எல்லாவற்றையும் போட்டுக்கொண்டு வருகிறாரே, கொஞ்சமும் வெட்கமில்லாத மனிதர் என்று நினைத்து, அவர் என்னைக் காணுமுன் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.