பௌர்ணமியன்று கூடிய பொதுக்குழு

துறைமுக வேலை பாதி முடிந்தும் பாதி முடியாமலும் கிடந்த எழுபதுகளில், எங்கள் திட்ட அலுவலகத்தில் விஞ்ஞானிகளுக்கும் பொறியாளர்களுக்கும் சேர்த்து ஒரே சங்கம்தான். பொறியாளர்கள் கடலுக்குள் கல்லைக் கொட்டி அலைதடுப்புச் சுவர் கட்டினார்கள். கடல் ஆய்வுப் பிரிவில் இருந்த நாங்கள், அந்தச் சுவரால் நீரோட்டம் எப்படித் திரும்புகிறது, மணல் எங்கே போய்ச் சேர்கிறது என்று தோணியில் போய் அளந்தோம். அவர்கள் எண்ணிக்கையில் எங்களைவிட இரண்டு மடங்கு. ஆகவே தலைவர் பதவி எப்போதும் அவர்களுக்கு. துணைத் தலைவர் என்ற, வேலை எதுவும் இல்லாத பதவி எங்களுக்கு. தேர்தல் நடந்ததே இல்லை. பொதுக்குழு கூடும், ஒருவர் பெயரை ஒருவர் முன்மொழிவார், எல்லோரும் கை தட்டுவார்கள், வடை வரும். வடை ஆறிவிடக் கூடாது என்பதே சங்கத்தின் எழுதப்படாத முதல் விதி.

எழுதப்பட்ட விதிகள் எல்லாம் நான் எழுதியவை. சங்கம் தொடங்கியபோது வேறு யாருக்கும் அதற்குப் பொறுமை இல்லை. நாசரேத் ஊர் மிஷன் பள்ளியில் படித்தவன்தானே, ஒழுங்காக எழுதுவான் என்று என் தலையில் கட்டினார்கள். எழுதி முடித்ததும் கை தட்டி ஏற்றுக்கொண்டார்கள். யாரும் படிக்கவில்லை. எனக்கு அதில் வருத்தம் எதுவும் இல்லை.

நான் தலைவர் பதவிக்கு நின்றதற்குக் காரணம் ஒரு தோள்பட்டை. மேற்கிலிருந்து கச்சான் காற்று ஓங்கி அடித்த ஒரு காலையில், தோணி புறப்பட வேண்டாம் என்று தண்டல் சொன்னார். தோணியை நடத்துபவர் அவர், கரையோரத்துக் கத்தோலிக்கர், கடலை அளக்க எங்களைப்போலக் கருவி தேடாதவர். அலுவலகத்திலிருந்து மேலதிகாரியின் தொலைபேசி வந்தது: அளவு இன்றைக்கே வேண்டும், போங்கள். போனார்கள். அலை தூக்கிப் போட்டதில் என் பிரிவின் இளைய விஞ்ஞானி தோணியின் விளிம்பில் மோதித் தோள் எலும்பை முறித்துக்கொண்டார். போகச் சொன்னவருக்கு அறையில் மின்விசிறிக் காற்று மட்டும்தான் தெரியும்.

தோணி புறப்படலாமா கூடாதா என்பதைத் தோணித்துறையில் நிற்பவர்கள் தீர்மானிக்க வேண்டும். இதுதான் என் ஒரே கோரிக்கை. அப்போதைய தலைவர் இதை நிர்வாகத்திடம் எடுத்துப் பேச மறுத்தார். அவர் செயற்பொறியாளர், ஏரல் பக்கத்து வயற்காட்டுக் குடும்பம், எல்லோருக்கும் அண்ணாச்சி. கல்யாணம், காதுகுத்து, மாறுதல், மருத்துவமனை எதற்கும் முதலில் வந்து நிற்பவர். தண்ணீர் என்றால் அவருக்கு வாய்க்காலில் மடை திறந்ததும் வருவது.

நான் நிற்கப்போவது தெரிந்ததும் என் அறைக்கே வந்துவிட்டார்.

“ஏம்வே, எலெக்‌ஷன்ல நிக்கேராமே?”

“ஆமா அண்ணாச்சி.”

“துணைத் தலைவர் போஸ்ட் சும்மாதான கெடக்கு? அதை எடுத்துக்கிட வேண்டியதுதான?”

“சும்மா கெடக்கதுனாலதான் வேண்டாம்ங்கேன்.”

“காத்து அடிக்கதுக்கெல்லாம் சங்கம் என்னவே செய்யும்? காத்துகிட்ட மனு குடுக்கவா?”

“காத்துகிட்ட நான் பேசிக்கிடுதேன். நீங்க சூப்பிரண்டிங் இன்ஜினியர்கிட்ட பேசுங்க.”

சிரித்தார். நல்ல மனிதர்; தோற்கும்வரை யாருடனும் பகை வைக்காதவர். போகும்போது மேசைமேல் இருந்த எங்கள் மாத வேலைத் திட்டத்தை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனதை நான் கவனித்தேன்.

மறுவாரம் பொதுக்குழு அறிவிப்பு வந்தது. பௌர்ணமி, ஞாயிற்றுக்கிழமை, மாலை நான்கு மணி, குடியிருப்பு மனமகிழ் மன்றம். எங்கள் வேலைத் திட்டத்தில் அந்த நாளுக்கு நேரே ‘பௌர்ணமி நீரோட்ட அளவீடு தொடக்கம்’ என்று தட்டச்சு செய்திருந்தது. அண்ணாச்சியின் கணக்கு எனக்கு உடனே விளங்கிவிட்டது. நாங்கள் எல்லோரும் கடலில் இருப்போம், எதிர்த்து நிற்க ஆள் இருக்காது. உறுப்பினர் எண்ணிக்கை போதாமல் கூட்டம் ஒத்திவைக்கப்படும். அரை மணி நேரம் கழித்து அதே இடத்தில் கூடும்போது, வந்திருப்பவர்கள் எத்தனை பேரானாலும் போதும் என்பது விதி. என் விதி.

தோளில் கட்டுடன் இருந்த இளையவர் கொதித்தார். “இது அநியாயம் சார். இன்னைக்கே எழுத்துல எதிர்ப்புக் குடுக்கணும்.”

“குடுத்தா தேதியை மாத்திருவாவ. பேசாம இரும்.”

“நம்ம கடல்ல கெடப்போமே சார்?”

“அன்னைக்கு என்ன கிழமை?”

அவர் சுவரில் தொங்கிய நாட்காட்டியைப் பார்த்தார். பிறகு தோள் வலியையும் மறந்து சிரித்தார்.

கடல் பௌர்ணமியன்று உச்சத்துக்கு ஏறுவதில்லை. ஒன்றிரண்டு நாள் கழித்துத்தான் ஏறும். அதனால் திட்டத்தில் பௌர்ணமித் தேதியைத் தட்டச்சு செய்திருந்தாலும், அது ஞாயிற்றுக்கிழமை வந்தால் நாங்கள் திங்களன்றுதான் தொடங்குவோம். அது விஞ்ஞானம். ஞாயிறன்று தண்டலும் அவர் ஆட்களும் தோணியைத் தொட மாட்டார்கள். அது அதைவிட உறுதியானது. இந்த ஏற்பாடு தோணித்துறையில் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அண்ணாச்சியின் உலகத்தில் கல் லாரிகளுக்கு வாரத்தில் ஏழு நாளும் வேலை. தோணியும் லாரி மாதிரிதான் என்று நினைத்துவிட்டார்.

தண்டலிடம் விஷயத்தைச் சொன்னேன்.

“ஞாயித்துக்கிழமை கடலுக்கா?” என்றார். “அப்ப பூசைக்கு யாரு போவா சார், உங்க அண்ணாச்சியா?”

அந்த ஞாயிறு காலை நான் ஆராதனைக்குப் போய்வந்து, சாப்பிட்டுவிட்டு நன்றாகத் தூங்கினேன். நான்கு மணிக்கு நாங்கள் மன்றத்துக்குள் நுழைந்தபோது அண்ணாச்சி வாசலில் நின்று வடைத் தட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தார். எண்ணிக்கை நின்றுபோயிற்று.

“ஏம்வே, நீங்கள்லாம் கடலுக்குப் போகலையா?”

“இன்னைக்கு லீவு அண்ணாச்சி. பொதுக்குழு இருக்குல்லா.”

அதற்குள் இன்னொன்று அவருக்குத் தெரிந்துவிட்டது. கொஞ்சம் பேர் வந்தால் போதும் என்று தன் ஆட்களிடம் அவரே சொல்லியிருந்தார். பாதிப் பேர் குடும்பத்தோடு குலசேகரன்பட்டினத்துக்குச் சொந்தக்காரர் வீட்டு விசேஷத்துக்குப் போயிருந்தார்கள். சிலர் மேட்னி காட்சிக்கு. நாங்களோ ஒருவர் விடாமல் வந்திருந்தோம்.

மேடையேறியதும் அவர் கேட்டார்: “வந்தவங்க கொறச்சலா இருக்கதால கூட்டத்தை அடுத்த மாசத்துக்குத் தள்ளி வைப்போமா?”

நான் எழுந்தேன். “எண்ணிக்கை போதும் அண்ணாச்சி. போதுமானவங்க இருக்கையில தள்ளிவைக்கணும்னா சபை சம்மதிக்கணும்.”

சபை சம்மதிக்கவில்லை.

“சரி, அப்ப வழக்கம்போல கை தட்டி…”

“ஒருத்தர் கேட்டாலும் ரகசிய வாக்கெடுப்பு நடத்தணும். நான் கேக்கேன்.”

“இதெல்லாம் எவன்வே எழுதுனான்?” என்றார், உண்மையிலேயே எரிச்சலுடன்.

மன்றம் முழுவதும் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தது. கடைசியில் அவரும் சிரித்தார். சீட்டுகளை ஒரு பிஸ்கட் டின்னில் போட்டோம். எண்ணி முடித்தபோது நான் தலைவர். எங்கள் ஆட்களைவிடக் கூடுதலாகவே வாக்குகள் விழுந்திருந்தன. பொறியாளர்களிலும் சிலர் தோணியில் போனவர்கள். வடை ஆறிப்போயிருந்தது.

நிர்வாகத்துடன் பேச்சு நீளும் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். நான் அதிகாரம் எதையும் கேட்கவில்லை. தோணியைப் போகச் சொல்பவர், ‘இன்று கடல் தகுந்த நிலையில் இருக்கிறது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும், அவ்வளவுதான் கேட்டேன். அந்தக் காகிதம் மேசை மேசையாகப் போயிற்று. கையெழுத்துப் போட அலுவலகத்தில் ஒரு பேனாவும் கிடைக்கவில்லை. கடைசியில், புறப்படுவதைத் தண்டலும் பொறுப்பு விஞ்ஞானியும் சேர்ந்து தீர்மானிக்கட்டும் என்று அவர்களே உத்தரவு போட்டார்கள்.

ஆடியில் ஒரு சனிக்கிழமை காலை அண்ணாச்சி ஜீப்பில் தோணித்துறைக்கு வந்தார். சுவரின் முனையில் மணல் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று அவருக்கு அவசரமாகத் தெரிய வேண்டும். அன்று பொறுப்பு, தோள் தேறி வேலைக்குத் திரும்பியிருந்த இளையவருடையது. காற்று அண்ணாச்சியின் வேட்டியைப் பிடித்து இழுத்தது. இளையவர் கடலைப் பார்த்தார், தண்டலைப் பார்த்தார்.

“இன்னைக்கு வேண்டாம் சார்.”

அண்ணாச்சி பக்கத்தில் நின்ற என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன். அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, முதல்முறையாகக் கொஞ்ச நேரம் கடலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“சரிவே. நாளைக்குப் போகலாம்லா?”

தண்டல் கயிற்றை இறுக்கிக் கட்டியபடியே சொன்னார்:

“நாளைக்கு ஞாயித்துக்கிழமை அண்ணாச்சி.”