ஒருவர் போதாது என்று நினைத்த அண்ணை

இறந்தவர்களுக்காக வெளியிடும் நினைவு மலர்களில் இடம்பெறுகிறவர்கள் எல்லோரும் சாந்த குணமும் அளவான பேச்சும் உடையவர்கள் என்பதை இத்தனை வருட வாசிப்பில் அறிந்திருக்கிறேன். எங்கள் அண்ணையிடம் அந்த இரண்டும் இருக்கவில்லை. அவரிடம் இருந்தது ஆட்கள்; அவர் பாஷையில் ‘கனபேர்’, ஏராளமானவர்கள். யார் வீட்டுக் காரியமென்றாலும் “கதிரை காணாது, கதிரை காணாது” என்று நாற்காலி தேடி ஓடித் திரிந்தவரை, இந்த மலரைக் கையில் வைத்திருக்கும் நீங்கள் அறிவீர்கள். அறிந்ததை விட்டு, உங்களில் பலர் அறியாத ஒன்றை எழுதுகிறேன்.

அண்ணை யாழ்ப்பாணத்து வடமராட்சியில் எங்கள் பெற்றோரின் மூத்த மகனாகப் பிறந்தார். அவர் உயர்தரம் படித்துக்கொண்டிருந்த காலத்தில், ஊரில் இராணுவத்தினர் அந்த வயதுப் பையன்களை வளைத்துப் பிடித்து ஏற்றிக்கொண்டு போகத் தொடங்கினார்கள். அம்மா அவரை அவசரமாக விமானம் ஏற்றினார். எண்பதுகளின் நடுவில் சுவிஸின் பேர்ண் நகருக்கு வந்துசேர்ந்த அண்ணை, ஓர் உணவகத்தின் குசினியில் கோப்பை கழுவினார். பின்னர் அம்மா என்னையும் அவரிடம் அனுப்பிவைத்தார். எனக்கு அப்போது பதின்மூன்று வயது, அண்ணைக்கு இருபத்திரண்டு. அன்றிலிருந்து அவரே எனக்குத் தகப்பன். தகப்பனுக்குரிய மீசைதான் இன்னும் முளைத்து முடியவில்லை.

பள்ளிக்கூடத்தில் பெற்றோரை அழைத்தபோது அண்ணை போய் நின்றார். ஆசிரியை அவருடைய தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்து, தகப்பன் எங்கே என்று கேட்டாராம். அதன் விளைவாக, சமூகசேவை அலுவலகத்திலிருந்து ஒரு பெண் அலுவலர் வீடு பார்க்க வருவதாக அறிவித்தார்கள். என்னை அண்ணையுடன் விடுவதா, கிராமத்தில் ஒரு சுவிஸ் குடும்பத்திடம் ஒப்படைப்பதா என்று அவர்தான் தீர்மானிப்பார்.

அண்ணை சாப்பாட்டை மறந்தார். பிறகு தனக்குத் தெரிந்த முறையில் ஆயத்தம் செய்தார். எங்களூரில் பெரிய காரியமாக ஒருவர் வந்தால் வீட்டில் சனம் நிற்க வேண்டும். சனமில்லாத வீட்டுக்கு யாரும் பெண் கொடுக்கமாட்டார்கள். பெண்ணே கொடுக்காத வீட்டில் பிள்ளையை எப்படி விடுவார்கள்? ஆகவே, அன்றைக்கு லீவில் நின்ற தமிழ்ப் பொடியன்கள் அத்தனை பேரும் எங்கள் ஒற்றை அறைக்கு வரவழைக்கப்பட்டார்கள்.

“எல்லாரும் சொந்தமெண்டு சொல்லுங்கோ. குணம், நீ மாமா. சேவியர், நீ சித்தப்பா.”

“டேய், நான் மன்னார் ஆள், வேதக்காரன். கழுத்தில சிலுவை கிடக்கு,” என்றார் சேவியர்.

“சேட்டுக்குள்ள விடு.”

அலுவலர் சொன்ன நேரத்துக்கே வந்தார். வாசலில் கழற்றிவிட்டிருந்த சப்பாத்துக் குவியலைப் பார்த்துச் சற்று நின்றார். உள்ளே கட்டிலிலும் யன்னல் விளிம்பிலும் தரையிலும் இருந்த சொந்தக்காரர்கள் ஒன்றாக எழுந்து கும்பிட்டார்கள். ஒரு தட்டில் வடை நீட்டப்பட்டது. ஜெர்மன் ஓரளவு தெரிந்தவன் நான் மட்டுமே. எனவே என் வழக்குக்கு நானே மொழிபெயர்ப்பாளன்.

“இஞ்ச எத்தினை பேர் படுக்கிறவை எண்டு கேக்கிறா, அண்ணை.”

“ஆர் வந்தாலும் படுக்கலாமெண்டு பெருமையாச் சொல்லு.”

சொன்னேன். வகுப்பில் வசனத்துக்கு மூன்று பிழை விடுகிறவன் நான். அன்று பார்த்து ஒரு பிழையும் வரவில்லை. அலுவலரின் பேனை நின்றது. இத்தனை ஆண்கள் படுக்கும் அறை பிள்ளைக்கு உகந்ததல்ல, கிராமத்து வீட்டில் தனி அறை இருக்கிறது என்றார். அதையும் நானே தமிழில் சொல்ல வேண்டியிருந்தது.

அண்ணை பதறிப்போனார். “இவை ஒருத்தரும் சொந்தமில்லையெண்டு சொல்லடா! சும்மா தெருவால போனவையெண்டு சொல்லு!”

சொன்னேன். அதுவரை மாமன்மாரால் நிறைந்திருந்த அறை, இப்போது முன்பின் தெரியாத ஆண்களால் நிறைந்துவிட்டது.

அலுவலர் இன்னொன்று கேட்டார்: அண்ணை இரவில் வேலைக்குப் போனால் பிள்ளையோடு யார் நிற்பது? அதைத் தமிழில் சொன்னேன். குணம் அண்ணை முன்னுக்கு வந்தார்.

“செவ்வாய் எனக்கு லீவு. நான் நிப்பன்.”

“நீயோ? நீ பொடியனுக்குக் காட்ஸ் விளையாடப் பழக்கிப்போடுவாய். நான் நிண்டா கணக்குச் சொல்லிக் குடுப்பன்,” என்றார் சேவியர்.

“கணக்கில கோட்டை விட்டவர் கணக்குச் சொல்லிக் குடுக்கப் போறாராம்!”

மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். புதன்கிழமைக்கு இருவர் மல்லுக்கு நின்றார்கள். யாரோ யாருடைய சட்டையையோ பிடித்தார்கள். அலுவலர் என் பக்கம் குனிந்து, எதற்குச் சண்டை என்று கேட்டார்.

“என்னை யார் பார்ப்பது என்று.”

“ஒருவருக்கும் விருப்பமில்லையா?”

“இல்லை. எல்லோருக்கும் விருப்பம்.”

அவர் அந்தச் சண்டையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பேனையை மூடி வைத்துவிட்டு, ஆறிப்போன வடையை எடுத்துக் கடித்தார். பிள்ளை இங்கேயே இருக்கட்டும். ஆனால் ஒவ்வோர் இரவும் பொறுப்பான ஒருவர் கூட நிற்க வேண்டும் என்றார். ஒருவர் என்று விரலையும் தூக்கிக் காட்டினார். அண்ணைக்கு அது கஞ்சத்தனமாகப் பட்டது.

அப்படித்தான் நான் இங்கே வளர்ந்தேன். அண்ணை ஜெர்மன் படித்து, சமையற்காரராகி, காலம் கடந்து கல்யாணம் கட்டி, இரண்டு பெண்பிள்ளைகளுக்கும் தகப்பனானார். அந்த வேலையில் அவருக்கு ஏற்கெனவே அனுபவம் இருந்தது. சென்ற குளிர்காலத்தில் நோயில் விழுந்தார். ஆஸ்பத்திரியில் ஒரு நேரத்தில் இருவர்தான் பார்க்கலாம் என்ற விதியைக் கடைசிவரை அவர் ஏற்றுக்கொள்ளவில்லை.

அவரைப் பராமரித்த தாதியருக்கும், அந்த விதியைக் கண்டும் காணாமல் விட்டவர்களுக்கும், இறுதிக் கிரியைகளில் தோள் கொடுத்தவர்களுக்கும், சமைத்தவர்களுக்கும், குணம் அண்ணைக்கும் சேவியருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. பெயர் நினைவில்லாத அந்த அலுவலருக்கும் நன்றி. அன்று அவர் படியிறங்கப் போனவர், திரும்பி அண்ணையைப் பார்த்து ஒன்று கேட்டார்.

“உங்களை ஆர் பாக்கினம் எண்டு கேக்கிறா, அண்ணை.”

அண்ணையின் முகம் வெளிறியது. “ஒருத்தருமில்லையெண்டு சொல்லிப்போடாதை. பிறகு என்னையும் கொண்டுபோய் எங்கையாவது விட்டிடுவினம்.”

“நான் பார்க்கிறேன்,” என்று அலுவலரிடம் சொன்னேன். அவர் பெரிய மனிதருக்குக் கொடுப்பதுபோல எனக்குக் கை கொடுத்துவிட்டு இறங்கிப் போனார்.

“என்னடா சொன்னனீ?”

“ஆக்கள் இருக்கினம் எண்டு.”

“கனபேர் எண்டு சொன்னனியோ?”

“ஓம் அண்ணை. கனபேர் எண்டுதான் சொன்னனான்.”