ஒப்பாரி இல்லாத வீடு

என் வீட்டுக்காரர் கருங்கல் என்ற ஊருக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் சபை உபதேசியார். ‘ஊருக்குத்தான் உபதேசம், உனக்கில்லை’ என்பார்களே, அந்தக் குற்றத்தை அவர்மேல் யாரும் சொல்ல முடியாது. ஊருக்குச் சொன்னதெல்லாம் முதலில் என் தலையில்தான் விடியும். பொட்டு போனது, பூ போனது, ஞாயிற்றுக்கிழமை அடுப்பு மூட்டுவதும் போனது. எதற்கும் நான் முணுமுணுத்ததில்லை. சொல்லப்போனால் அவரைவிட நான்தான் வீம்புக்காரி.

அக்காவைத் தக்கலைக்கு அந்தப் பக்கம் கட்டிக்கொடுத்த பிறகுதான் அப்பா எங்களை அழைத்துக்கொண்டு கிறிஸ்தவ வேதத்தில் சேர்ந்தார். அக்கா புகுந்த வீட்டோடு பழைய வழியிலேயே இருந்துவிட்டாள். இரண்டாவது பிரசவத்தில் அவள் செத்துப்போனாள் என்று ஆள் வந்து சொன்னபோது நான் சோறு வடித்துக்கொண்டிருந்தேன். பானையை அப்படியே விட்டுவிட்டுப் புறப்பட்டோம். வழியில் அவர் சொன்னார்: “அங்க போய் மாரடிச்சு ஒப்பாரி வச்சிராத, கேட்டியா? உயிர்த்தெழுதல நம்புறவங்களுக்கு ஒப்பாரி எதுக்கு?”

முற்றத்தில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து, ஒருத்தி தோளில் ஒருத்தி கைபோட்டு அழுதுகொண்டிருந்தார்கள். புதிதாக ஒருத்தி வந்தால் வட்டம் விலகி அவளையும் சேர்த்துக்கொள்ளும். எங்கள் பக்கத்து முறை அது. என்னைக் கண்டதும் அக்காவின் மாமியார் இரண்டு கையையும் விரித்து, “வா மக்கா, உனக்க அக்கா போயிட்டாளே” என்று கதறினாள். நான் குனியவில்லை.

“எங்களுக்கு அந்த வழக்கம் இல்ல அத்தை. எங்க வீட்டுல செத்தாலும் இப்பிடிச் சத்தம் போடமாட்டோம்” என்றேன்.

விரித்த கை சற்றுநேரம் அப்படியே இருந்தது. பிறகு அவள் பக்கத்தில் இருந்தவளைக் கட்டிக்கொண்டாள்.

“நல்ல சாட்சியா நின்ன” என்று திரும்பும்போது வீட்டுக்காரர் மெச்சினார். எனக்குப் பெருமையாக இருந்தது. கூடப்பிறந்தவளைப் புதைத்துவிட்டு வந்த அன்றைக்குப் பெருமை! இப்போது நினைத்தாலும் என்னை நானே அறைந்துகொள்ளலாம் போலிருக்கிறது.

மூன்று வருஷம் கழித்து என் மகள் காய்ச்சலில் போனாள். ஐந்து வயது. ஞாயிறு பள்ளியில் கற்ற பாட்டையெல்லாம் கோழிக்குஞ்சுகளை நிற்கவைத்துச் சொல்லிக்கொடுப்பாள். சபையார் வந்து பாடினார்கள். நானும் எல்லாச் சரணத்தையும் பாடினேன். ஜெபத்தின் நடுவே வீட்டுக்காரர் நிறுத்தினார், பிறகு செருமிக்கொண்டு தொடர்ந்தார். நண்பனின் சாவுக்கு ஆண்டவரே கண்ணீர் விட்டதை அவர் எத்தனையோ தடவை பிரசங்கித்திருக்கிறார். அன்றைக்கு எங்கள் இரண்டு பேருக்குமே அது ஞாபகம் வரவில்லை.

மத்தியான வெயிலில் அக்கா வீட்டுப் பெண்கள் அவ்வளவு தூரமும் நடந்தே வந்தார்கள். முன்னால் அத்தை. இவர்கள் வட்டம்கட்டி உட்கார்ந்தால் நடுவில் போய் விழுந்துவிட வேண்டும், மகளுக்கும் அக்காவுக்கும் சேர்த்து அழுது தீர்த்துவிட வேண்டும் என்று துணிந்துவிட்டேன். உபதேசியார் பெண்டாட்டி என்ற பேர் போனால் போகட்டும்.

அத்தை முற்றத்து ஓரத்திலேயே நின்று, பின்னால் வந்தவர்களைத் திரும்பிப் பார்த்தாள்.

“ஆரும் சத்தம் வைக்காதீங்க. இது வேதக்காரங்க வீடு. அவளுக்குப் பிடிக்காது.”

அத்தனை பேரும் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு சுவரோரமாக நின்றார்கள். பெட்டி கல்லறைத் தோட்டத்துக்குப் போகும்வரை ஒருத்தியும் வாயைத் திறக்கவில்லை.

சாவு வீட்டில் சொல்லிக்கொண்டு போகும் வழக்கம் கிடையாது. ஆனாலும் அத்தை என் அருகே வந்தாள்.

“நீ அன்னைக்குச் சொன்னத மறக்கல்ல மக்கா. ஒருத்தியையும் அழ விடல்ல.”

குத்திக் காட்டுகிறாளா என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. கண் நிறைய நீரை வைத்துக்கொண்டு, எனக்காக அடக்கிக்கொண்டு நின்றாள். ‘அழுங்க அத்தை’ என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

“சரி அத்தை” என்றேன்.