கையில் ஏறிய தூண்டில் முள்

எனக்குக் கல்யாணமாகி இரண்டாவது ஐப்பசி அது. எழுபதுகளின் கடைசி. நான் பிறந்தது வாலிகண்டபுரம். வாழ்க்கைப்பட்ட ஊர் கல்லங்குறிச்சியைத் தாண்டி, மருதையாற்றுக்கு அந்தக் கரையில் இருந்தது. வீட்டில் நானும் என் கணவரும் மாமியாரும் மட்டும்தான். மாமனார் நான் வருவதற்கு முன்பே போய்விட்டார். நாலு ஏக்கர் நிலம், இரண்டு உழவு மாடு, ஒரு கறவை மாடு.

மாட்டுக்கொட்டகை வேலைக்குக் காலையில் ஒரு அம்மா வருவார். சாணி அள்ளி, கூட்டிப் பெருக்கி, தண்ணீர் காட்டிவிட்டு, வயலில் வேலை இருந்தால் அங்கே போய்விடுவார். ஊருக்குத் தெற்கே காலனியில் வீடு. என்னைவிடப் பதினைந்து வயதாவது மூத்தவர். ஆனாலும் நான் அவரை ‘நீ, வா, போ’ என்றுதான் கூப்பிட்டேன். வந்த முதல் நாளே அப்படிக் கூப்பிடச் சொல்லித் தந்தார்கள், நானும் கூப்பிட்டேன். அவர் என்னைச் ‘சின்னம்மா’ என்பார், என் மாமியாரை ‘ஆண்டச்சி’ என்பார். வீட்டின் பின்வாசலைத் தாண்டி அவர் உள்ளே வந்து நான் பார்த்ததில்லை.

என் கணவருக்கு மீன் பிடிப்பதில் ஒரு பைத்தியம். மழைக்காலத்தில் ஏரியும் வாய்க்காலும் நிரம்பிவிட்டால் வயல் வேலை முடிந்ததும் தூண்டிலை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். விரால் பிடிக்கவென்றே திருச்சியிலிருந்து பெரிய முள்ளாக வாங்கி வந்திருந்தார். சுண்டுவிரல் நீளம் இருக்கும். எல்லாத் தூண்டில் முள்ளிலும் இருப்பதுபோல முனைக்குக் கீழே பின்பக்கம் பார்த்து ஒரு சின்ன எதிர்முள். மீன் கவ்வினால் விடுபட முடியாமல் இருப்பதற்காக. அந்தத் தூண்டிலைக் கொட்டகைக் கூரையின் இறவாணத்தில் செருகி வைத்திருந்தார்.

அன்று அவர் ஊரில் இல்லை. பெரம்பலூரில் இருந்த தன் அக்கா வீட்டுக்கு முந்தின நாள் போயிருந்தார். இரவெல்லாம் மழை. காலையில் ஆற்றில் தண்ணீர் தரைப்பாலத்துக்கு மேலே இடுப்பளவு போவதாகச் சொன்னார்கள். பஸ் வரவில்லை. இந்தக் கரையிலிருந்து அந்தக் கரைக்கு யாரும் போக முடியாது.

மாட்டுக்குப் புல் அறுக்க அரிவாளை எடுக்கப் போனேன். அரிவாளும் அதே இறவாணத்தில்தான் செருகியிருக்கும். மழை இருட்டில் சரியாகத் தெரியவில்லை. கையை உள்ளே விட்டுத் துழாவினேன். வலது கைக் கட்டைவிரலுக்குக் கீழே இருக்கும் சதையில் ஏதோ குத்தியது. தேள் என்று நினைத்து வெடுக்கென்று கையை இழுத்தேன். அந்த இழுப்பில்தான் முள் எதிர்முள்ளோடு சேர்ந்து சதைக்குள் போனது. மூங்கில் கழியும் சேர்ந்து கீழே விழுந்து கையில் தொங்கியது.

முதலில் ஓடி வந்தது அந்த அம்மாதான். கையிலிருந்த சாணிக்கூடையைக் கீழே வைத்துவிட்டு, கழியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டார். கழி ஆடாமல் நின்றதும் வலி கொஞ்சம் அடங்கியது. என் கையை அவர் தொடவில்லை. குனிந்து பார்த்தார்.

“இழுக்காதீங்க சின்னம்மா. அப்படியே இருங்க.”

சத்தம் கேட்டு மாமியார் வந்தார். பார்த்ததும் முகம் வெளுத்துவிட்டது. நைலான் நூலை அரிவாளால் அறுத்து, கழியை அப்பால் எறிந்துவிட்டு, என்னைத் தோளோடு அணைத்துக்கொண்டார்.

“ஆண்டச்சி, அது நேரா இழுத்தா வராதுங்க. எதிர்முள்ளு சதையைப் பிடிச்சிருக்கும். கெட்டியா ஒரு நூலு கொடுத்தீங்கன்னா நான் எடுத்துடுவேன். எங்க வூட்டுல அவரு கையில ரெண்டு தடவ எடுத்திருக்கேன்” என்றார் அந்த அம்மா.

“நீ போயி உன் வேலையப் பாரு” என்றார் மாமியார். கோபமாகச் சொல்லவில்லை. வழக்கமான குரலில்தான் சொன்னார். அந்த அம்மா கூடையை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குள் போனார்.

மாமியார் பக்கத்து வீட்டுப் பங்காளியைக் கூட்டி வந்தார். கணவருக்குப் பெரியப்பா முறை. பம்பு செட்டைக் கழற்றிப் பூட்டத் தெரிந்தவர், அதனால் வீட்டில் குறடு வைத்திருந்தார். என்னை முற்றத்துத் தாழ்வாரத்தில் உட்காரவைத்து, முள்ளின் காம்பைக் குறடால் பிடித்து, “பல்லைக் கடிச்சுக்க” என்று சொல்லி இழுத்தார். சதை கூடாரம்போல மேலே எழும்பியது. முள் வரவில்லை. இன்னொரு தடவை திருகி இழுத்தார். அதன் பிறகு கொஞ்ச நேரம் எனக்கு ஒன்றும் தெரியவில்லை.

கண் விழித்தபோது மாமியாரின் மடியில் கிடந்தேன். முகமெல்லாம் தண்ணீர். கை வீங்கத் தொடங்கியிருந்தது. பெரியப்பா குறடைத் துண்டில் துடைத்துக்கொண்டே, “ஆத்துல தண்ணி வடியட்டும், அரியலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுட்டுப் போயிடலாம்” என்றார்.

“எப்ப வடியும்?” என்றார் மாமியார்.

“நாளைக்கோ நாளன்னிக்கோ.”

மாமியார் என் கையைப் பார்த்தார். பிறகு பின்வாசல் வழியாகக் கொட்டகையைப் பார்த்தார். அந்த அம்மா வேலை முடிந்தும் போகாமல் கொட்டகைத் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். இந்நேரம் வீட்டுக்குப் போயிருக்க வேண்டியவர்.

“இந்தாடி, வந்து பாரு” என்றார் மாமியார்.

அந்த அம்மா பின்வாசல் படி வரைக்கும் வந்து நின்றார். “இங்க கொட்டகைப் பக்கம் கூட்டியாங்க ஆண்டச்சி, பார்க்கறேன்.”

“அங்க இருட்டு. முத்தத்துலதான் வெளிச்சம். உள்ள வா.”

அவர் என்னைப் பார்த்தார், பெரியப்பாவைப் பார்த்தார். பெரியப்பா குறடை எடுத்துக்கொண்டு வாசல் வழியாக வெளியே போய்விட்டார். அந்த அம்மா காலைக் கழுவிக்கொண்டு உள்ளே வந்தார்.

வெந்நீர் கேட்டார். சோப்புக் கேட்டார். முழங்கை வரைக்கும் கையைத் தேய்த்துக் கழுவினார். சாக்குத் தைக்கிற நூலை இரட்டையாக மடித்து முறுக்கி, இழுத்து இழுத்துப் பார்த்துக்கொண்டார். பிறகு எனக்கு எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்து என் கையைத் தன் முழங்கால்மேல் வைத்துக்கொண்டார். அவருடைய உள்ளங்கை கரடுமுரடாக, சூடாக இருந்தது. ஒரு வருடத்துக்கு மேலாகத் தினமும் பார்க்கிறவர். அன்றுதான் முதல் தடவை அவர் கை என்மேல் பட்டது.

நூலை முள்ளின் வளைவுக்குள் நுழைத்து, இரண்டு முனையையும் தன் வலது கையில் சுற்றிக்கொண்டார். இடது கட்டைவிரலால் முள்ளின் காம்பை என் தோலோடு தோலாக அழுத்தினார். “இப்படி அமுக்கினா எதிர்முள்ளு சதையை விட்டுடும். போன வழியிலயே வந்துடும். நீங்க கையப் பார்க்காதீங்க, என் மூஞ்சியப் பாருங்க” என்றார்.

பார்த்தேன். மூக்குத்தி போடும் துளையில் ஈர்க்குச்சி செருகியிருந்தது. நெற்றியில் வேர்வை.

“சின்னம்மாவுக்கு எந்த ஊரு?”

“வாலிகண்டபுரம்.”

“கூடப் பொறந்தவங்க எத்தினி பேரு?”

“அண்ணன் ஒருத்தர், தங்கச்சி…”

பேச்சை முடிக்கவில்லை. அவர் கை ஒரு வெட்டு வெட்டியது. முள் தெறித்துப் போய்த் தூணில் பட்டுக் கீழே விழுந்தது. ஒரு சுருக்குதான். குறடால் இழுத்தபோது பட்ட வலியில் பத்தில் ஒரு பங்கு இல்லை. சின்னத் துளையிலிருந்து ரத்தம் வந்தது. அவர் துளையைச் சுற்றி அழுத்தி இன்னும் கொஞ்சம் ரத்தத்தை வெளியேற்றினார். வெந்நீரால் கழுவி, சுத்தமான துணி வாங்கிக் கட்டினார்.

“முள்ளு துருவேறிக் கிடக்கு. தண்ணி வடிஞ்சதும் மொத வேலையா அரியலூரு போயி ஊசி போட்டுக்கங்க. மறந்துடாதீங்க.”

மாமியார் அழுதுவிட்டார். “நல்லா இருடி” என்று சொன்னார். உள்ளே போய் ஒரு மரக்கால் அரிசியும், உறியிலிருந்து நாலு முட்டையும் எடுத்து வந்து அவர் முந்தானையில் போட்டார். அந்த அம்மா குடிக்கத் தண்ணீர் கேட்டார். மாமியார் செம்பை உயர்த்திப் பிடித்து ஊற்ற, அவர் பின்வாசலில் குனிந்து இரண்டு கையையும் குவித்துக் குடித்தார். எப்போதும் அப்படித்தான் குடிப்பார்.

அதற்குப் பிறகு நடந்ததைச் சொல்வதுதான் எனக்குக் கஷ்டம்.

அவர் முந்தானையை முடிந்துகொண்டு கிளம்பும்போது மாமியார் சொன்னார்: “போறப்ப ரெண்டு கை சாணியை இந்தப் படியில வெச்சுட்டுப் போ. முத்தம் மொழுவணும்.”

எதற்காக மெழுக வேண்டும் என்பது எங்கள் மூன்று பேருக்கும் தெரியும். மாமியார் குரலில் எந்த மாற்றமும் இல்லை. நெஞ்சார வாழ்த்திய அதே வாய்தான். அந்த அம்மா ஒரு கணம் நின்றார். கொட்டகைக்குப் போய், காலையில் தானே அள்ளிச் சேர்த்த சாணியை இரண்டு கையால் எடுத்து வந்து படியில் வைத்தார். என் பக்கம் பார்க்கவில்லை. நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன். ‘வேண்டாம் அத்தை’ என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கை வலித்தது, மயக்கமாக இருந்தது என்று பிற்பாடு எனக்கு நானே காரணம் சொல்லிக்கொண்டேன். வாய் நன்றாகத்தான் இருந்தது.

மாமியார் முற்றத்தை மெழுகினார். பிறகு வெந்நீர் விளாவி என்னைத் தலைக்குக் குளிக்கச் சொன்னார். என்னால் ஒரு கையால் முடியாது என்று அவரே ஊற்றினார். கட்டு நனையாமல் என் வலது கையைத் தன் தோள்மேல் தூக்கி வைத்துக்கொண்டு, அவ்வளவு பதமாக ஊற்றினார். பெற்ற தாய்கூட அப்படி ஊற்றியிருக்க மாட்டார். அந்தத் தண்ணீரில் நின்றுகொண்டு நான் அழுதேன். வலியால் அழுகிறேன் என்று நினைத்து, “போயிடுச்சும்மா, எல்லாம் போயிடுச்சு” என்றார்.

மூன்றாம் நாள் தண்ணீர் வடிந்தது. என் கணவர் வந்து, என்னை அரியலூருக்கு அழைத்துப்போய் ஊசி போடவைத்துக் கூட்டி வந்தார். கை பத்து நாளில் ஆறிவிட்டது. அந்த அம்மா எப்போதும்போல வேலைக்கு வந்தார். கார்த்திகை முடிந்ததும் நின்றுவிட்டார். சொல்லிக்கொள்ளவும் இல்லை. சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் கல் சுமக்கப் போவதாக யாரோ சொன்னார்கள்.

தை மாதம் ஒரு சாயங்காலம், மாமியார் கல்லங்குறிச்சிக் கோயிலுக்குப் போயிருந்த நேரம் பார்த்து நான் காலனிக்குப் போனேன். அதுவரை அந்தத் தெருவில் நான் கால் வைத்ததில்லை. வாசலில் இருந்தவர்கள் எல்லாம் எழுந்து நின்றார்கள். அது எனக்குக் கூச்சமாக இருந்தது. அந்த அம்மா அப்போதுதான் சுரங்கத்திலிருந்து வந்திருந்தார். தலைமுடி, புருவம், புடவை எல்லாம் வெள்ளைத் தூசி. என்னைப் பார்த்ததும் பதறிப்போய் ஒரு சாக்கை உதறி விரித்தார். உட்கார்ந்தேன். அவர் உட்காரவில்லை.

“ஏன் வேலைக்கு வரல? அத்தை ஏதாவது சொன்னாங்களா?”

“ஆண்டச்சி ஒண்ணும் சொல்லலீங்க. அவங்க எப்பவும் போலதான் இருந்தாங்க.” கொஞ்ச நேரம் தூசியைத் தட்டிக்கொண்டிருந்தார். “எனக்குத்தான் முடியல சின்னம்மா. அத்தினி வருசமா சாணி அள்ளியிருக்கேன், ஒண்ணும் தோணினதில்ல. அன்னிக்குப் பொறவு கூடையில கை வெச்சாலே அந்த நெனப்பு வந்துடுது. கல்லு சொமந்தா உடம்புதான் வலிக்குது.”

“நான் அன்னிக்கு ஒண்ணும் பேசாம இருந்துட்டேன்.”

“நீங்க என்ன பேசுவீங்க? வந்து ரெண்டு வருசம் ஆவல.”

அவர் எனக்காகச் சொன்ன சமாதானம் அது. அதை எடுத்துக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை. வேறு என்ன செய்வது என்றும் தெரியவில்லை. “குடிக்கத் தண்ணி குடு” என்றேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். மூலையில் பானை இருந்தது, மேலே டம்ளர் கவிழ்த்து வைத்திருந்தது. அவர் அசையவில்லை.

“வேணாங்க. வாசல்ல அத்தினி பேரு பார்த்துக்கிட்டு நிக்கிறாங்க. ஆண்டச்சிக்குத் தெரிஞ்சா உங்களுக்குத்தான் கஷ்டம். போயிட்டு வாங்க, பொழுது சாயுது.”

நான் மறுபடி கேட்கவில்லை. அவர் வேண்டாம் என்றதும் எனக்குள் ஏதோ ஒன்று தளர்ந்தது. திரும்பி வரும் வழியில்தான் அது நிம்மதி என்று தெரிந்தது. இத்தனை வருடங்களில் என்னைப் பற்றி நான் தெரிந்துகொண்டவற்றில் அதைவிடக் கசப்பானது வேறொன்று இல்லை.

என் கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். சாணி வரைக்கும் சொன்னேன். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பிசைந்த சோற்றை இலையிலேயே விட்டுவிட்டார்.

“நான் இருந்திருந்தாலும் பேசியிருக்க மாட்டேன்” என்றார்.

மறுநாள் அவரே காலனிக்குப் போய் வேலைக்குக் கூப்பிட்டுப் பார்த்தார். அந்த அம்மா வரவில்லை. அதுவரை கொட்டகை வேலையைத் தானே பார்த்துவந்த மாமியார் வேறு ஆள் தேடத் தொடங்கினார். “ஆள் வேண்டாம் அத்தை, நானே பார்த்துக்கறேன்” என்றேன். அந்த வீட்டில் நான் ‘வேண்டாம்’ என்று சொன்னது அதுதான் முதல் தடவை. மாமியாருக்கு அது பிடிக்கவில்லை. ஏன் என்று கேட்டார். நான் காரணம் சொல்லவில்லை. அவருக்குப் புரிந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். அதன் பிறகு ஒரு வாரம் என்னோடு சரியாகப் பேசவில்லை.

அப்படிச் சொன்னதற்கு மறுநாள் விடியலில் நான் கொட்டகைக்குள் போனேன். குனிந்து முதல் கை அள்ளும்போது கண் கலங்கியது. அரை மணி நேரத்தில் முதுகு பிடித்துக்கொண்டது. இரண்டாவது வாரத்தில் பழகிவிட்டது. எண்பத்திரண்டிலோ எண்பத்து மூன்றிலோ நாங்கள் பெரம்பலூருக்குக் குடிபோகும் வரைக்கும் அந்த வேலையை நானேதான் செய்தேன்.